எங்கள் தாமான் கிளினிக்கில் மெத்தடோன் கவுண்டர் – ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பாகான்மலர் | செவ்வாய், இரவு 10.12

வணக்கம். நான் பினாங்கு, பிறைப் பக்கம். எங்கள் தாமான் (குடியிருப்பு) ஓரத்தில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்கில், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள உதவும் மெத்தடோன் மருந்தைக் கொடுக்கும் கவுண்டர் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து, வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். நேற்று வரை 63 கையெழுத்து. அதில் ஒன்று என் பெரியம்மாவுடையது. என் தம்பி அந்த மருந்தைக் குடித்துத்தான் நாலு வருஷமாக மனுஷனாக நடமாடுகிறான் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

தம்பிக்கு இப்போது 38. ஹெராயினைத் தொட்டது 19 வயதில். இரண்டு முறை புசாட்டுக்கு (அரசாங்கப் போதை மறுவாழ்வு மையம்) போய் வந்தான். இரண்டு முறையும் உடம்பு தேறி, முகம் தெளிந்துதான் வந்தான். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார். முதல் தடவை மூன்று வாரம் நன்றாக இருந்தான். இரண்டாம் தடவை ஒன்பது நாள்.

இப்போது அவன் மருந்து குடிக்கும் கிளினிக்குக்கு மோட்டாரில் 25 நிமிஷம். ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தேன். சின்ன பிளாஸ்டிக் கப்பில் சிரப் மாதிரி ஊற்றித் தருகிறார்கள். குடித்ததும் அதே கப்பில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வேண்டும். பிறகு 'தெரிமா காசே' (மலாயில் நன்றி) என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், வாயில் அடக்கிக்கொண்டு போகவில்லை என்று தெரிவதற்காக. மொத்தமே ஒன்றரை நிமிஷம். ஆனால் கவுண்டர் திறப்பது 8 மணிக்கு. அவனுக்கு பேக்டரியில் ஷிப்ட் 7 மணிக்கு. சூப்பர்வைசரிடம் இனிப்புநீர் வியாதி, தினமும் ஊசி போடணும் என்று சொல்லி வைத்தான். ஆறு வாரம் ஓடியது, அப்புறம் வேலை போனது. இப்படி இரண்டு வேலை போய்விட்டது. இப்போது லோரிக்கு அட்டெண்டன்ட்டாகப் போகிறான், நாள் சம்பளம்.

மருந்து அவனைப் பிடித்து நிறுத்துகிறது. மருந்து கொடுக்கும் நேரம் அவனைத் தள்ளிவிடுகிறது. எனக்குத் தூக்கம் வராத விஷயம் இதுதான்.

ஞாயிறு இரவு 8 மணிக்கு டேவானில் (பொது மண்டபம்) கூட்டம், ஒய்பி (மக்கள் பிரதிநிதி) ஆபீசிலிருந்தும் வருகிறார்கள். வெறுமனே 'திறங்கள்' என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. திறந்தால் என்ன நேரம், என்ன ஏற்பாடு, யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க நினைக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோயில்மணியம் | செவ்வாய், இரவு 11.03

தங்கச்சி, உங்கள் வீட்டுக் கஷ்டம் புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட 63 பேரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நான் வேறு தாமான், இதே நிலைமையைப் பார்த்தவன். 11 வருஷம் கோயில் நிர்வாகத்தில் இருந்தேன். கோயிலுக்குப் பின்னால் லோங்காங்கில் (சாக்கடையில்) ஊசி பொறுக்கியிருக்கிறேன், கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு. தமிழ்ப்பள்ளி 300 மீட்டரில் இருக்கும்போது பெற்றோர் பயப்படத்தான் செய்வார்கள்.

நம் ஆட்கள் இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்தவர்கள். தோட்டத்தில் கள்ளுக்கடையை யார் திறந்து வைத்தது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதற்குப் பின் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அதோடும் போராடினோம். இந்தப் பினாங்கில் ஆங்கிலேயன் அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டான், பிறகு அரசாங்கமே நடத்தினான். நீரிணைக் குடியேற்ற வருமானத்தில் சில வருஷம் பாதியை எட்டியது அபின் காசு. இப்போது அரசாங்கமே ஒரு போதையைக் கப்பில் ஊற்றிக் கொடுக்கிறது என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு போதைக்கு இன்னொரு போதையா?

ஓய்வுமருந்தாளர் | புதன், காலை 6.40

மணியம் ஐயா கேட்டது நியாயமான கேள்வி, நான் கவுண்டருக்கு உள்ளே நின்ற வருஷங்களில் தினமும் கேட்ட கேள்வி. பதில் சொல்கிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெராயின் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் கியான் பிடிக்கும். மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் குடையும், வயிறு பிடுங்கும். அதை அடக்க மறுபடி சாமான் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஒரு மனுஷனின் நாள் முழுக்க இதிலேயே போய்விடும். மெத்தடோனும் அபின் குடும்பத்து மருந்துதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மெதுவாக ஏறி, ஒரு நாளைக்கு மேல் உடம்பில் நிற்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் ஏற்றமும் இல்லை, கியானும் இல்லை. 20, 30 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவோம். பெரும்பாலோருக்கு 60க்கு மேல் போனால்தான் நிலை நிற்கும். அளவு குறைவாகக் கொடுத்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று சொல்லும் டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

நம் நாடு இதை விரும்பி ஆரம்பிக்கவில்லை. 1983இல் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார்கள், அதே வருஷம் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டப்படி அப்போது நீதிமன்றம் இரண்டு வருஷம் புசாட்டுக்கு அனுப்பலாம் என்று இருந்தது, வந்த பிறகு இரண்டு வருஷம் கண்காணிப்பு. அப்படி ஆயிரமாயிரம் பேரை அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே எச்ஐவி ஏறிக்கொண்டு போனது. 2002இல் மட்டும் 6,978 புதிய நோயாளிகள், பெரும்பகுதி ஊசி வழியாக வந்தது. அதற்குப் பிறகுதான் 2005இல் மெத்தடோன், 2006இல் ஊசி மாற்றித் தரும் திட்டம். ஊசி மாற்று முதலில் ஆரம்பித்த இடங்களில் பினாங்கும் ஒன்று. இன்று புதிய எச்ஐவி நோயாளிகளில் ஊசியால் வந்தவர்கள் மிகச் சிறு பங்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பாகான்மலர் சொன்ன மூன்று வாரம், ஒன்பது நாள் கணக்கு அவர் தம்பிக்கு மட்டும் நடந்தது இல்லை. மலேசியாவில் எடுத்து 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் மறுபடி தொட்டுவிட்டார்கள். தானாக விரும்பி வந்து மெத்தடோன் எடுத்தவர்களில் பாதிப் பேர் விழுவதற்கு 352 நாள் ஆனது.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. மெத்தடோன் அபின் வகைக்கு மட்டும்தான். சியாபு, பில் குடா மாதிரி ஊக்கமருந்துப் போதை எடுக்கும் பையன்களுக்கு இதனால் பயனில்லை. இப்போது பிடிபடுபவர்களில் அவர்கள்தான் அதிகம். கூட்டத்தில் 'கவுண்டர் வந்தால் தாமான் சுத்தமாகிவிடும்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் அந்த வாக்கைச் சொல்லியே உங்களைத் திட்டுவார்கள்.

பாகான்மலர் | புதன், மதியம் 1.15

ஐயா, மிக்க நன்றி. சியாபு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, எழுதி வைத்துக்கொண்டேன்.

மணியம் அண்ணே, உங்கள் லோங்காங்கில் ஊசி கிடந்தபோது அந்தப் பக்கம் எந்தக் கவுண்டரும் இல்லையே. எங்கள் தாமானிலும் இப்போது இல்லை, ஆனாலும் பாடாங் (திடல்) மூலையில் ஊசி கிடக்கிறது. இது குடிக்கிற மருந்து. கள்ளுக்கடைக் கதை எங்கள் தாத்தா சொல்லியும் கேட்டிருக்கிறேன். கடையை மூடியது நல்லதுதான். மூடிய அன்றைக்கு எங்கள் தாத்தாவின் அண்ணனுக்குக் கை நடுங்கியது, பால்மரத்தில் கத்தி நிற்கவில்லை, வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர் பெயரைக்கூட வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

செந்தூல்அம்மா | புதன், இரவு 9.48

நான் கோலாலம்பூர். இங்க எழுதுறதா வேணாமான்னு நேத்து ராத்திரியில இருந்து யோசிச்சேன்.

என் மகன் உள்ள இருந்துட்டு வந்து ஆறாவது நாள் போய்ட்டான். 27 வயசு. சாயங்காலம் வெளிய போய்ட்டு வந்தான், பசிக்கலம்மான்னு சொல்லிட்டு ரூம்ல படுத்தான். நான் ஹால்ல நாடகம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு கொறட்டை வந்திச்சு. அவன் எப்பவும் கொறட்டை விடுறவன் இல்ல. கொளகொளன்னு, தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாரி சத்தம், நடுவுல நிக்கும், அப்புறம் மறுபடி வரும். புள்ள ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டு மெத்தையில நல்லா தூங்குதேன்னு நெனச்சு கதவச் சாத்திட்டு வந்தேன். நான்தான் சாத்தினேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போனப்ப ஒதடு நீலமா இருந்திச்சு.

அந்தச் சத்தம் தூக்கம் இல்லன்னு யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா. உள்ள இருந்து வந்தா பழைய அளவ ஒடம்பு தாங்காதுன்னு அவனுக்காச்சும் யாராச்சும் சொல்லியிருந்தா. வெளிய விடும்போது கையெழுத்து வாங்குனாங்க, சாமான் பையக் குடுத்தாங்க, பஸ் எங்க நிக்கும்னு சொன்னாங்க. இதச் சொல்லல.

மலர், உங்க தாள்ல இத மொதல்ல எழுதும்மா.

பாகான்மலர் | புதன், இரவு 10.20

அக்கா. முதலில் எழுதுகிறேன்.

தூரதேசநர்ஸ் | வியாழன், அதிகாலை 4.31

அம்மா, கைகூப்பி வணங்குகிறேன். நான் சுங்கைப் பட்டாணிப் பெண், 14 வருஷமாக அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாப் பக்கம் அவசரப் பிரிவில் வேலை. நீங்கள் சொன்ன அந்தச் சத்தத்தை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். அபின் வகை மருந்து மூளையில் மூச்சை நடத்தும் இடத்தை அமுக்கிவிடும். ஆள் சாவது மூச்சு நின்றுதான். அதனால் இடையில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் நலோக்சோன் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சு திரும்பும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக இங்கே 2023லிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் விற்கிறார்கள். சாமான் எடுக்காதவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும், ஆள் மறுபடி மூழ்கலாம், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

நலோக்சோன் இல்லாத வீட்டில் செய்ய வேண்டியது: பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்பில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேயுங்கள். விழிக்கவில்லையென்றால் 999க்கு அடியுங்கள். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுங்கள். தானாக மூச்சு விட ஆரம்பித்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பால், உப்புத் தண்ணீர், தலையில் வாளித் தண்ணீர், எதுவும் வேண்டாம்.

எங்கள் ஊர்க் கதை உங்களுடையது மாதிரி இல்லை. இங்கே இது ஆஸ்பத்திரியிலிருந்தே ஆரம்பித்தது. 1996இல் ஆக்சிகாண்டின் வலி மாத்திரை வந்தது, முதுகு வலிக்கும் பல் பிடுங்கியதற்கும் எழுதிக் கொடுத்தார்கள். அடிமையாகும் அபாயம் குறைவு என்று தவறாகச் சொல்லி விற்றதை அந்த மாத்திரையைச் சந்தைப்படுத்திய பர்டியூ குழும நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மாத்திரை கொடுப்பதை இறுக்கியதும் ஆட்கள் ஹெராயினுக்குப் போனார்கள், பிறகு அதில் அதைவிட வீரியமான பென்டானில் கலந்தது. 2021இல் ஓவர்டோஸில் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், நாலில் மூன்று பேர் அபின் வகையால்.

ஆனால் ஊர் எப்படி எழுந்து நின்றது என்பதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள இருக்கிறது. ஹன்டிங்டன் என்ற ஊரில் 2016 ஆகஸ்டில் ஒரே பிற்பகலில், நாலு மணி நேரத்துக்குள், 26 பேர் மயங்கி விழுந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு யாரோ கேட்டார்கள், காப்பாற்றியவர்களில் எத்தனை பேரை நாம் சிகிச்சைக்குக் கூட்டிப் போனோம் என்று. யாருமே இல்லை. அதிலிருந்து ஒரு சின்னக் குழு வைத்தார்கள்: ஒரு ஆம்புலன்ஸ்காரர், ஒரு ஆலோசகர், சீருடை இல்லாத போலிஸ்காரர் ஒருவர், ஒரு தேவாலயத்துக்காரர். ஓவர்டோஸ் ஆகிப் பிழைத்தவர் வீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் போய்க் கதவைத் தட்டுவார்கள். வேண்டாம் என்றால் வந்துவிட்டு, மறுபடி போவார்கள். மணியம் ஐயா, தேவாலயத்துக்காரர் அந்தக் குழுவில் எதற்கு என்று கேட்டேன். அவரைப் பார்த்தால்தான் அம்மாக்கள் கதவைத் திறக்கிறார்கள் என்றார்கள்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்ற சிற்றூர். 4,000 சொச்சம் பேர்தான். ஊசி மாற்றித் தருவது சட்டவிரோதம் என்று வைத்திருந்தார்கள். 2015இல் எச்ஐவி பரவிய பிறகுதான் அனுமதித்தார்கள். கடைசியில் ஏறக்குறைய 200 பேருக்கு வந்துவிட்டது.

வடக்குபையன் | வியாழன், காலை 11.26

யாரும் கெத்தும் இலை பற்றிப் பேசவில்லையே? எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) சாமான் விட்டவர்கள் பாதிப் பேர் கெத்தும் தண்ணீர் குடித்துத்தான் விட்டார்கள். ஒரு பாக்கெட் சில ரிங்கிட்தான். கவுண்டர், கியூ எதுவும் வேண்டாம்.

ஓய்வுமருந்தாளர் | வியாழன், பிற்பகல் 2.05

தம்பி, அது உண்மைதான். பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இதைப் பல வருஷமாக ஆராய்கிறது, ஹெராயினை விடுவதற்குக் கெத்தும் குடித்தவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கெத்தும் இலையில் உள்ள மித்ராஜினைன் அபின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. அதனால்தான் கியான் அடங்குகிறது, அதனால்தான் அதற்கும் பழகிவிடுகிறது. ஒரு பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. இருமல் மருந்து கலந்து விற்பது இன்னும் ஆபத்து. 1952 நச்சுப்பொருள் சட்டத்தில் மித்ராஜினைன் இருக்கிறது, பிடித்தால் வழக்கு. அந்த ஆட்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாம் கொடுக்காத மருந்தை அவர்களாகத் தேடிக்கொண்டார்கள். ஆனால் கூட்டத்தில் இதை இழுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஜெலுத்தோங்தம்பி | வியாழன், இரவு 11.50

நான் மருந்து குடித்து 11ஆம் வருஷம். நேரத்தைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவை அப்படியே கொடுக்க மாட்டார்கள், குறைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். அது நம் உயிருக்காக என்று இப்போது புரிகிறது. ஆனால் என்ன நடக்கும்? பாஸ் ஒரு வாரம் காலை ஷிப்ட் போடுகிறான். வேலைக்குப் போனால் மருந்து தவறும், மருந்துக்குப் போனால் வேலை போகும். நாலாம் நாள் போய் நிற்கும்போது அளவு பாதியாகிவிடும், பாதி அளவில் இரவு கியான் பிடிக்கும், பாடாங் மூலையில் சாமான் இருக்கிறது. நான் இப்படி மூன்று தடவை விழுந்தேன். பைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினார்கள்.

அடுத்தது கேட். ஒருநாள் கிளினிக் கேட்டுக்கு வெளியே இரண்டு போலிஸ்காரர்கள் மோட்டாரில் நின்றார்கள். எதற்கு நின்றார்களோ, டீ குடிக்கக்கூட நின்றிருக்கலாம். சிறுநீர் டெஸ்ட்டில் வேறு ஏதாவது வந்தால் 1952 அபாயகர மருந்துச் சட்டத்தின் 15(1) பிரிவில் இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம். அன்றைக்கு 14 பேர் உள்ளே வராமலே திரும்பிப் போனார்கள். நான் எண்ணினேன்.

என்னைக் காப்பாற்றியது வீட்டுக்குக் கொடுக்கும் டோஸ். ஒழுங்காக வந்தால் வார இறுதிக்கு, பிறகு இன்னும் சில நாளைக்கு. அந்தப் பாட்டில் கையில் கிடைத்த பிறகுதான் ஒரு வேலையில் ஒரு வருஷம் நின்றேன். கல்யாணமும் ஆனது.

கல்லீரல் டெஸ்ட்டையும் கேளுங்கள். ஊசி போட்டவர்கள் பலருக்கு ஹெபடைடிஸ் சி இருக்கும், தெரியாது. எனக்கும் இருந்தது. 2018லிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச மருந்து, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன், போய்விட்டது. எந்த நாளும் வந்து நிற்கும் ஆளுக்கு அந்த இடத்திலேயே இரத்தம் எடுத்துவிடலாமே.

ஓய்வுமருந்தாளர் | வெள்ளி, காலை 7.02

ஜெலுத்தோங்தம்பி சொன்ன வீட்டு டோஸுக்குப் பூட்டுப் பெட்டி கட்டாயம். இனிப்புச் சிரப் மாதிரி இருப்பதால் சின்னப் பிள்ளை குடித்துவிடும். பெரியவர் குடிக்கும் ஒரு நாள் அளவு ஒரு பிள்ளையைக் கொன்றுவிடும். குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது.

நேரத்தை மாற்றச் சொல்வதற்கு முன் ஒன்று: காலை 6.30க்குத் திறக்க ஒரு மருந்தாளர் வேண்டும், அவருக்கு ஓவர்டைம் வேண்டும், பூட்டறைச் சாவிக்குப் பொறுப்பாள் வேண்டும். கிளினிக் ஆட்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். எத்தனை பேருக்கு ஷிப்ட் வேலை என்று எண்ணிக்கையோடு எழுதினால் மதிப்பு.

கோயில்மணியம் | வெள்ளி, இரவு 10.35

நான் நாலு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். செந்தூல் தங்கச்சி எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், அவர் எழுந்து போய்விட்டார். எங்கள் மச்சான் மகன் ஒருவன் அப்படித்தான் போனான். மாரடைப்பு என்று சொல்லிக் காரியம் செய்தோம். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், கோயிலில் பெயர் கெட்டுவிடும் என்று.

இன்னமும் எனக்குப் பள்ளிப் பிள்ளைகள் பற்றிய பயம் போகவில்லை. நீங்கள் கேட்கும் 6.30இலிருந்து 7.30 நேரம்தான் பிள்ளைகள் நடந்து போகும் நேரம். அதே பாதையில் 40 பேர் கியூவில் நின்றால் என் மருமகளும் கையெழுத்துப் போடுவாள். அதற்கு வழி சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்தம்பி | வெள்ளி, இரவு 11.08

ஐயா, எனக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் அந்தக் கியூவில் நிற்க எனக்கும் விருப்பமில்லை.

6.15லிருந்து 6.50 வரை ஒன்று, மாலை 6லிருந்து 7 வரை ஒன்று. பகல் நேரம் இப்போது மாதிரியே. வீட்டு டோஸ் கிடைப்பவர்கள் தினமும் வரவேண்டாம், 40 பேர் 15 பேராகக் குறைவார்கள். கிளினிக்குப் பின்பக்கக் கேட்டைத் திறந்தால் பள்ளிப் பாதையே வேண்டாம்.

ஓய்வுமருந்தாளர் | சனி, காலை 8.20

இது நடக்கக்கூடியது. மணியம் ஐயாவுக்கு இன்னொரு செய்தி. 2010இல் மலாயா பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். இமாமும் டாக்டரும் சேர்ந்து செய்த காரியம். பள்ளிவாசலில் கியூ நின்றது.

கோயில்மணியம் | சனி, காலை 9.14

தெரியாது எனக்கு. மலர், கூட்டத்துக்கு நான் வரலாமா? உங்கள் தாமான்காரன் இல்லை, ஆனால் தலைவரை எனக்குப் பழக்கம்.

பாகான்மலர் | சனி, காலை 9.31

வாங்க அண்ணே. 7.30க்கே வந்துவிடுங்கள், நாற்காலி போடவேண்டும்.

பாகான்மலர் | திங்கள், இரவு 9.57

நடந்ததை எழுதுகிறேன். நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

90 பேருக்கு மேல் வந்தார்கள். முதல் அரை மணி நேரம் ஒரே சத்தம். வீட்டு விலை இறங்கும் என்றார் ஒருவர். என் பெண்ணை அந்த வழியாக அனுப்ப மாட்டேன் என்றார் இன்னொருவர். எனக்குக் கால் நடுங்கியது. மணியம் அண்ணன் எழுந்து, கொறட்டைச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னார். செந்தூல் அக்கா எழுதியதை ஊர் பெயர் சொல்லாமல் சொன்னார், பிறகு தன் மச்சான் மகனைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா, கதவைத் தட்டுற அந்தக் குழு நம்ம ஊர்ல உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் வரேன் அதுக்கு என்றார். அவர் வீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை.

தாளை வாசித்தேன். உள்ளே இருந்து வெளியே வருபவரைப் பற்றி வருவதற்கு முன்பே, அவர் சம்மதத்தோடு, கிளினிக்குக்குத் தகவல் வரவேண்டும், வந்த நாளிலேயே அவரும் வீட்டாரும் ஓவர்டோஸ் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் நலோக்சோன் பார்மசியில் போய் வாங்கி வைக்கிற மருந்தாக இன்னும் இல்லை, அதனால் கிளினிக்கிலும் இரண்டு பயிற்சி பெற்ற ஆட்கள் கையிலும் இருக்க வழி செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விடியல் நேரமும் மாலை நேரமும். பின்பக்கக் கேட். வீட்டு டோஸும் பூட்டுப் பெட்டியும். கல்லீரல் டெஸ்ட். மருந்து நேரத்தில் கேட் பக்கம் போலிஸ் நிற்கக் கூடாது என்பதை மாவட்டப் போலிஸ் தலைவருக்குத் தனிக் கடிதமாக எழுதச் சொன்னார் ஒய்பி ஆபீஸ் அதிகாரி. சியாபு பையன்களுக்கு இது மருந்தில்லை, அதற்குத் தனியாகப் பேச வேண்டும் என்பதையும் வாசித்தேன். அதைச் சொன்னதும்தான் தலைவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

மனுவைத் திரும்பப் பெறவில்லை. இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாவட்ட சுகாதார அலுவலகம் கவுண்டர் நேரத்தைப் பற்றி எழுத்தில் பதில் கொடுத்தால் மறுபடி கூடிப் பேசுவது என்று முடிவு. 11 பேர் தங்கள் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா எடுக்கவில்லை.

ஆனால் இன்று காலை பெரியம்மா வீட்டுக்கு வந்தார். தம்பி லோரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீ சாப்பிட்டுட்டு அந்தத் தண்ணிய குடிப்பியா, வெறும் வயித்துலயா என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். சாப்பிட்டுட்டுத்தான் பெரியம்மா என்றான். நாளைக்கு இட்லி கொண்டாறேன், எத்தனை மணிக்குக் கிளம்புவே என்றார்.

இப்போது அவசரமாக வேண்டியது ஷிப்ட் கணக்கு. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மருந்து குடிப்பவர்களோ வீட்டாரோ இருந்தால், பெயர் வேண்டாம், வேலை ஆரம்பிக்கும் மணியையும் கிளினிக் கவுண்டர் திறக்கும் மணியையும் மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் 30 பேர் கணக்காவது கையில் வேண்டும். இதுவரை 9 வந்திருக்கிறது.